பொட்டுப் பொட்டாய்த் தடிச்சால் சின்னமுத்துத் தானா?

மகனுக்கு 2 வயது. காதுத் தொற்றுக்கு அமொக்சிசிலின் குடித்துக்கொண்டிருந்தான். எட்டாம் நாள் காலை உடுப்பு மாத்தேக்குள்ள பார்த்தால் நெஞ்சு, முதுகு எல்லாம் பொட்டுப் பொட்டாய்த் தடிப்பு. அம்மா எட்டிப் பார்த்தா. "உது சின்னமுத்து. தமிழ்க் கடையில வேப்பிலை வாங்கிக்கொண்டு வா" எண்டா. அவவின்ர தங்கச்சி சின்ன வயதில் அதாலதான் செத்தவ. அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்கேலாது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். பிழை வந்தால் எது எதுக்குப் பிறகு நடந்தது என்றுதான் முதலில் பார்ப்பம். டொக்டரும் போனில் அதையேதான் கேட்டார்.

சின்னமுத்து, அதாவது தட்டம்மையில், தடிப்பு முதலில் வராது. கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண் என்று 2 முதல் 4 நாள் போகும். பிறகுதான் தடிப்பு, முகத்திலோ தலைமயிர் ஓரத்திலோ தொடங்கிக் கீழே இறங்கும். மருந்துத் தடிப்பு பெரும்பாலும் மருந்து தொடங்கி ஒரு கிழமை அளவில் நெஞ்சிலும் முதுகிலும் தொடங்கும், கடிக்கவும் செய்யும். ரோசியோலா என்ற வைரஸில் 3 முதல் 5 நாள் கடும் காய்ச்சல் அடித்து, அது இறங்கின பிறகு தடிப்பு வரும்.

எங்கட நிறத் தோலில் சிவப்புத் தெளிவாய்த் தெரியாது. யன்னல் வெளிச்சத்தில் பாருங்கோ, கையால தடவியும் பாருங்கோ.

முகமோ உதடோ வீங்கினால், மூச்சு முட்டினால், வாயிலோ கண்ணிலோ புண் வந்தால், தோல் கொப்பளித்து உரிந்தால், காய்ச்சலோட இருக்கிற பிள்ளையின் புள்ளிகள் கண்ணாடிக் கிளாசால் அழுத்தியும் மறையாவிட்டால், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கோ.

மற்றும்படி முதலில் போன் பண்ணுங்கோ. நான் நேரே கிளினிக்குக்குப் போக வெளிக்கிட்டனான், மனைவிதான் மறித்தா. தடிப்புக்கு 4 நாள் முன்னும் 4 நாள் பின்னும் சின்னமுத்து தொற்றும். வைரஸ் காற்றில் 2 மணித்தியாலம் வரை நிற்கும். காத்திருக்கும் அறையில் கைக்குழந்தைகள் இருப்பினம்.

1998 முதல் கனடா வைத்திருந்த 'சின்னமுத்து ஒழிந்த நாடு' என்ற நிலை 2025 நவம்பரில் போய்விட்டது. மஞ்சள் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கோ. இரண்டு ஊசியும் போட்டால் ஏறக்குறைய 97 வீதம் பாதுகாப்பு. 6 முதல் 11 மாதக் குழந்தையோட ஊருக்குப் போறதெண்டால், முன்கூட்டியே ஒரு ஊசி போடலாமா என்று கேளுங்கோ.

மகனைப் பார்த்த டொக்டர் இது சின்னமுத்து இல்லை என்றார். மருந்தா வேறு வைரஸா என்று பார்வையால் மட்டும் சொல்லேலாதாம். மருந்தை நிப்பாட்டச் சொன்னவரும் அவர்தான், நாங்களாக நிப்பாட்டேல்லை. 'பெனிசிலின் அலர்ஜி' என்று நிரந்தரமாய் எழுத முதல் பிறகு சோதித்துப் பார்க்கவேணும் என்றார். இப்படித் தடிப்பு வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அந்த மருந்து பிறகு ஒத்துக்கொள்ளுமாம்.

ஒரு கிழமையில் தடிப்பு மறைந்தது. அம்மா கட்டில் தலைமாட்டில் வைத்த வேப்பிலையை நான் எடுக்கேல்லை.