கணினிக் கொத்துகளில் பணி முடிவில் எஞ்சும் தற்காலிகக் கோப்புகளும் அவற்றின் நீக்கமும்

திறவுச்சொற்கள்: கணினிக் கொத்து, கணு, பணிமேலாளர், தற்காலிகக் கோப்பு, ஸ்லர்ம்

பல கணுக்களை இணைத்து இயங்கும் கணினிக் கொத்தில், ஒரு பணி தன் இடைநிலை விளைவுகளைப் பெரும்பாலும் தான் இயங்கும் கணுவின் உள்வட்டில் எழுதுகிறது. பணி முடிந்ததும் அக்கணு வேறொருவருக்கு ஒதுக்கப்படுகிறது; எழுதியவையோ அங்கேயே கிடக்கின்றன. வட்டு நிரம்பினால், தொடர்பே இல்லாத அடுத்த ஆய்வாளரின் பணி தோல்வியுறும். நினைவகத்தையே வட்டுப்போலப் பயன்படுத்தும் பகுதியில் கோப்புகள் எஞ்சினால் கேடு இன்னும் மறைவானது. நிரல் எதுவும் ஓடாத கணுவிலும் நினைவகம் குறைந்தே காணப்படும்.

எழுதியவரே நீக்க வேண்டும் என்னும் விதி நடைமுறையில் போதாது. ஸ்லர்ம் பணிமேலாளர், காலவரம்பைக் கடந்த பணிக்கு முதலில் முடித்துக்கொள்ளுமாறு குறிப்பு அனுப்புகிறது. இயல்பமைப்பின்படி 30 வினாடிகளுக்குப் பின் மறுக்கவியலாத நிறுத்தக் குறிப்பை அனுப்புகிறது. அதைப் பெற்ற நிரலால் தன் நீக்கக் கட்டளையைக்கூட இயக்க இயலாது.

ஆகவே இப்பொறுப்பு பணிமேலாளரையே சாரும். ஸ்லர்மில் 'எபிலாக்' எனப்படும் நிறைவுநிரல், பணி முடிந்தபின் ஒவ்வொரு கணுவிலும் நிருவாக உரிமையுடன் ஓடுகிறது. அதில் பயனரின் பெயரைக் கொண்டு கோப்புகளை நீக்குவது பிழை; அவருடைய மற்றொரு பணி அதே கணுவில் ஓடிக்கொண்டிருக்கலாம். பணி எண்ணால் பெயரிட்ட அடைவை நீக்குவதே தகும். 20.11.5ஆம் பதிப்பில் வந்த செருகுநிரல் ஒவ்வொரு பணிக்கும் தனித் தற்காலிக அடைவைக் காட்டி, முடிவில் அதை அழித்துவிடுகிறது. எச்டிகாண்டர் அமைப்பும் பணிக்கொரு அடைவைத் தருகிறது. தப்பி எஞ்சியவற்றை நாள்தோறும் ஓடும் துணைநிரல் களைகிறது.

நீக்கும் நிரலே கேடு விளைப்பதும் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் நிகழ்ந்தது பணிக்கோப்புகள் பற்றியதன்று, பழைய பதிவுக்கோப்புகள் பற்றியது. எனினும் பாடம் ஒன்றே. நீக்கநிரல் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன்மேல் புதிய பதிப்பு எழுதப்பட்டது. பேஷ் நிரலை முழுவதும் படித்து வைத்துக்கொள்வதில்லை; ஓட ஓடப் படிக்கிறது. அதனால் அடைவைச் சுட்டும் மாறி வரையறுக்கப்படாமலேயே நீக்கக் கட்டளை இயங்கிற்று. ஏறத்தாழ 77 டெராபைட் அளவுள்ள 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் தரவை மீட்க இயலவில்லை.

வரையறுக்கப்படாத மாறியைக் கண்டதும் நிற்குமாறு பேஷுக்கு ஆணையிட ஒரு வரி போதும். ஓடும் நிரலை மாற்றும்போதும் அதன்மேல் எழுதாமல், புதிய கோப்பை ஆக்கிப் பழைய பெயருக்கு மாற்றினால், ஓடிக்கொண்டிருப்பது பழைய கோப்பையே இறுதிவரை படிக்கும்.