முகூர்த்தப் படத்துக்கு எந்தக் கார்டு?

விடியற்காலை முகூர்த்தம் என்றாலே போட்டோகிராபருக்கு வெளிச்சம் பற்றாக்குறைதான். ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றித்தான் தாலி கட்டும் நொடியைப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த ரா ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால், மணப்பெண்ணின் கன்னமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். லைட்ரூமில் அந்தப் புள்ளிகளை நீக்கும் ஏஐ ‘டீநாய்ஸ்’ வசதி 2023 ஏப்ரலில் வந்தது. போட்டோ எடிட்டிங்குக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்ற கேள்வியைச் சூடாக்கியதும் இந்த மாதிரி வசதிகள்தான்.

அதற்கு முன்பு கார்டுக்கு இவ்வளவு மரியாதை இல்லை. போட்டோஷாப் 1990இல் வந்தது. கார்டின் உதவியை அது கேட்கத் தொடங்கியதோ 2008இல், சிஎஸ்4 பதிப்பில். அதுவும் படத்தைத் தடங்கலின்றிப் பெரிதாக்கவும், திரையில் சுழற்றிப் பார்க்கவும்தான். லைட்ரூம் 2015 வரை கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேயர், மாஸ்க், குளோன் ஸ்டாம்ப், ஃபைலைத் திறப்பது, சேமிப்பது என்று ஆல்பம் வேலையில் பெரும்பகுதி இன்றைக்கும் பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி தலையில்தான் விழுகிறது.

காரணம் எளிது. கிராபிக்ஸ் கார்டில் ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் இருக்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் மட்டும் 3584 பேர். ஒன்றையொன்று எதிர்பார்க்காத கணக்குகளைக் கொடுத்தால் பின்னி எடுத்துவிடுவார்கள். முந்தைய விடை வந்த பிறகே அடுத்த கணக்கு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணத்துக்கு வெங்காயம் உரிக்க நூறு பேர் உட்காரலாம், சாம்பார் கொதிக்கும் நேரத்தை நூறு பேர் சேர்ந்தாலும் குறைக்க முடியாது. ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967இலேயே முன்வைத்த வாதம் இது. ஒரு வேலைக்கு 60 வினாடி ஆகிறது, அதில் 40 வினாடி வேலையை மட்டுமே பிரித்துக் கொடுக்கலாம் என்றால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டைப் போட்டாலும் மீதி 20 வினாடி அப்படியே நிற்கும்.

டீநாய்ஸ் அந்த வெங்காயக் கூட்டத்துக்கென்றே பிறந்த வேலை. கேமரா சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இதில் பாதி பிக்சல்கள் பச்சைக்கு. ஒரு பிக்சல் பார்க்காத மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் அந்தப் பக்கத்துப் பிக்சலே தப்பான தகவலைத் தரும், ஊகமும் கெடும். ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலைப்பின்னல், எது தோல், எது பட்டு ஜரிகை, எது இரைச்சலான வெறும் புள்ளி என்று பிரிக்கப் பார்க்கிறது. உள்ளே நடப்பதெல்லாம் பெருக்கலும் கூட்டலும்தான். ஆனால் கோடி கோடியாக.

இந்தப் பெருக்கலுக்கென்றே என்விடியா தனிப் பகுதியை 2018இல் ஆர்டிஎக்ஸ் வரிசையில் வைத்தது. பெயர் டென்சர் கோர். அடுத்த ஆண்டே வந்த ஜிடிஎக்ஸ் 1650, 1660 கார்டுகளில் அது கிடையாது. கேம் ஆடுபவருக்கு இது பெரிதாகத் தெரியாது. டீநாய்ஸ் போடுபவருக்கு நன்றாகத் தெரியும். கார்டு எந்த ஆண்டு வந்தது என்று பார்ப்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது மேல்.

அடுத்தது மெமரி. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000 பெருக்கல் 4000. பிக்சலுக்கு நான்கு எண்கள், எண்ணுக்கு நான்கு பைட் என்று வைத்தால் ஒரே ஒரு பிரதிக்கு 384 எம்பி ஆகிறது. வேலை நடக்கும்போது இப்படிப் பல பிரதிகளும் இடைக்கணக்குகளும் கார்டிலேயே இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டரின் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே தகவல் அலைந்துகொண்டிருக்கும், வேகம் படுத்துவிடும். அதனால் 8 ஜிபிக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு. 8 ஜிபி கார்டில் மெமரிக்குப் போகும் பாதையின் அகலமும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்திருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நல்ல கார்டு போட்டால் கலர் நன்றாக வரும் என்று ஒரு நம்பிக்கை ஸ்டுடியோக்காரர்களிடம் உண்டு. வராது. கார்டு அனுப்புவது எண்களை. அவற்றை நிறமாக்குவது மானிட்டர். அது சரியில்லை என்றால் திரையில் மஞ்சளாகத் தெரியும் முகம் பிரிண்டில் வேறு மாதிரி வந்து நிற்கும். ஒரு கல்யாணத்துக்கு முப்பது படங்களுக்குத்தான் டீநாய்ஸ் போடுகிறீர்கள் என்றால், இருக்கிற கார்டிலேயே இரவு ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஐபிஎஸ் மானிட்டரும் அதை அளந்து சரிசெய்யும் கருவியும் வாங்குங்கள். வாரம் மூன்று கல்யாணம், நூற்றுக்கணக்கான ரா ஃபைல் என்பவருக்குத்தான் ஆர்டிஎக்ஸ் கணக்கு ஒத்துவரும்.

வாங்குவது என்று முடிவானால் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், கேபினெட்டில் கார்டின் நீளத்துக்கு இடம் உண்டா என்பதையும் பார்த்துவிட்டுப் போகலாம். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் வரை இழுக்கும். மாட்டிய பிறகு மானிட்டர் கேபிளைப் பழையபடி மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். லைட்ரூமில் பிரிஃபரன்சஸ் போய், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் எந்தக் கார்டு வேலை செய்கிறது என்று பெயரோடு காட்டும். அங்கே பிராசஸரோடு வந்த கிராபிக்ஸின் பெயர் இருந்தால், காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்கிறது என்று பொருள்.