உப்புக் காற்றும் உள்ளிருக்கும் கம்பியும்

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நம் கடற்கரை ஊர்களில் கான்கிரீட்டால் ஆகாத பொருள் இன்று அரிது. குருசடி, கெபி, கல்லறைத் தோட்டத்துச் சிலுவை, மாலையில் முதியோர் காற்று வாங்க அமரும் இருக்கை ஆகிய யாவும் கொத்தனாரும் வெல்டிங் பட்டறைக்காரரும் நாம் சொல்லும் அளவுக்குச் செய்து தருபவை. ஆகவே அவற்றின் ஆயுளும் பெரும்பாலும் நாம் சொல்வதைப் பொறுத்ததே.

இத்தொழில் தோன்றியதே சிறு பொருள்களில்தான். பிரெஞ்சு நாட்டவரான லம்போ 1848-ல் கம்பி வலையின்மேல் சிமெண்ட் பூசிப் படகு செய்தார். தோட்டக்காரராகிய ஜோசப் மோனியே, கம்பி வைத்த சிமெண்ட் தொட்டிகளுக்கு 1867-ல் காப்புரிமை பெற்றார். செடித்தொட்டிக்கு உதவிய அம்முறையே வளர்ந்து, 1960-களில் பறளியாற்றின்மேல் மாத்தூர்த் தொட்டிப் பாலமாய் நூறடிக்கு மேல் உயர்ந்தது.

ஆயினும் மாத்தூர் உள்நாடு; கடலோரத்தின் நிலை வேறு. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலமொன்றை உண்டாக்கிக் காக்கிறது. உப்பு உட்புகுந்து கம்பியை எட்டினால் அப்படலம் சிதைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. முதலில் பழுப்புக் கோடு, பின்பு விரிசல், இறுதியில் கட்டியாகப் பெயர்ந்து விழுதல். கீழே சிறுவர் விளையாடுகிறார்களே என்பதுதான் நம் கவலை. திருவிழாவுக்கு முன் அவ்விரிசலின்மேல் பெயிண்ட் அடித்து மறைக்கும் வழக்கத்தை நாம் பெரிதும் வெறுக்கிறோம்.

2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் 456, கடற்கரைச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டுமென்கிறது. கடல்நீர் தெறிக்கும் இடத்தில் 50. நம் ஊர்களில் இருக்கைக்கு வார்க்கும் பலகையின் மொத்தக் கனமே இரண்டங்குலம், அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்! கம்பியைச் சரி நடுவில் வைத்தாலும் இருபுறமும் 25-ஐ எட்டாது. சிமெண்டை எவ்வளவு கூட்டினாலும் இக்கணக்கு மாறாது. எனவே கடலை நோக்கிய இருக்கைக்குக் கருங்கற் பலகையே மேலென்போம். கான்கிரீட்டே வேண்டுமெனில் கனத்தைக் கூட்டுக. அல்லது கம்பியில்லாமல் திண்ணைபோல் திரண்ட கட்டையாக வார்த்திடுக.

கைப்பிடிக்கும் கிராதிக்கும் எவர்சில்வர் போடுவோர் அதிலும் வகையுண்டென அறிக. பட்டறைகளில் எளிதாய்க் கிடைக்கும் 304 உப்புக் காற்றில் பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316 விலை கூடினாலும் தாங்கும்.

கடற்கரை மணலும் கடல்நீரும் கலவையில் கூடவே கூடா. வார்த்தபின் ஏழு நாளேனும் ஈரம் காயாமல் நனைக்க வேண்டும். கம்பி கட்டி முடிந்ததும், கலவை கொட்டுவதற்கு முன்னரே, பங்குப் பேரவையில் ஒருவர் அளவுகோலுடன் சென்று கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்க்கட்டும். கவர் கட்டை வைக்கவில்லையெனில் வார்ப்பை மறுநாளைக்குத் தள்ளுவதால் யாதொரு நட்டமுமில்லை.