உலை வைத்துவிட்டு வந்தாலும் திறக்காத மடிக்கணினி

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி நோக்கிப் போகும் வழியில், கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கிறது வரிச்சிக்குடி. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, பொறையாறு. இந்த எல்லையைக் கடக்கும் ‘சரக்கு’ என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். எதிர்த்திசையில் வரும் சரக்கும் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பெண் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தால், சீர்வரிசைப் பாத்திரங்களோடு தமிழ்நாடு அரசு முத்திரை பதித்த மடிக்கணினியும் வந்து சேரும்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் ஜெயலலிதா தொடங்கிய திட்டம் அது. அதன்பின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர் கைக்குப் போயின. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்டவற்றின் வயிற்றில் இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். இன்று அவற்றுக்குப் பத்து முதல் பதினான்கு வயது. திரை எரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது. ஆனால் பொத்தானை அமுக்கிவிட்டு உலை வைத்துவிட்டு வந்தாலும் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். “பழசாயிடுச்சு, தூக்கிப் போடு” என்கிறார்கள் வீட்டில். பெரும்பாலும் பழசானது கணினி அல்ல, அந்த ஹார்ட் டிஸ்க் என்ற ஒரு பாகம்தான்.

திட்டம் தொடங்கிய அடுத்த மாதமே உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க்குக்குத் தட்டுப்பாடு வந்தது ஒரு வேடிக்கை. 2011 அக்டோபரில் தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றில் பெருவெள்ளம். பாங் பா இன் தொழிற்பேட்டையில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. சில வாரங்களில் டிஸ்க் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. ஆனால் ஓர் ஆற்றுச் சமவெளியில் தண்ணீர் நின்றதற்கு உலகத்துக் கணினிக் கடைகள் எல்லாம் விலை கொடுத்தது புதிது.

சுழலும் டிஸ்க்கின் வேலை கேட்கவே பயமாக இருக்கும். மடிக்கணினியில் இருப்பது பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றும் தட்டு. அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதக்கிறது படிக்கும் முனை. தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது மடிக்கணினியைக் கட்டிலில் தொப்பென்று வைப்பது அந்த முனைக்கு நல்லதல்ல.

மின்வெட்டும் அப்படித்தான். பேட்டரி நன்றாக இருந்தால் கவலை இல்லை. பேட்டரி செத்துப்போய், சார்ஜர் வயரில் மட்டுமே உயிர் வாழும் பழைய மடிக்கணினிக்கு ஒவ்வொரு மின்வெட்டும் ஓர் அவசர பிரேக். தட்டு நிற்பதற்குள் முனை ஒதுங்கியாக வேண்டும். போதாததற்குக் கடற்கரையின் உப்புக் காற்று. ஈரம் உலோகத் தொடுபுள்ளிகளை மெல்லக் கறுக்க வைக்கும். மெக்கானிக்குகள் ரேமைக் கழற்றி அதன் முனையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பதை இந்தப் பக்கம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

சாவதற்கு முன் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகிறது. ஒரே கோப்பைத் திறக்க வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். நகல் எடுக்கும்போது பாதியில் உறையும். கடைசியில் ‘டிக், டிக்’ என்று சீரான சத்தம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பு தெரியும். கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக ஒதுக்கிய மாற்றிடங்களின் கணக்கும் அதில் உண்டு. அது நாளுக்கு நாள் கூடினால் தாமதிக்கக் கூடாது.

அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: படங்கள், சான்றிதழ் நகல்கள், கணக்குகளை வேறொரு டிஸ்க்குக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுவது. பலர் இங்கேதான் வரிசையைப் புரட்டிப் போடுகிறார்கள். முதலில் ‘டிஸ்க் செக்’ ஓட்டிப் பார்க்கிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஒரு மூலை விடாமல் படிக்க வைப்பது, மூச்சு வாங்குபவரை மாடி ஏறச் சொல்வதற்குச் சமம். ஃப்ரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்றொரு பழைய வைத்தியமும் உலாவுகிறது. நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்ததும் உள்ளே பனித்துளி கோத்துக்கொள்ளும். டிக் டிக் சத்தம் வந்துவிட்டால் அணைத்து வைத்துவிட்டு, டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி. அரைகுறையாகப் படிக்கும் டிஸ்க்குக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் டிடிரெஸ்கியூ என்ற கருவி இருக்கிறது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடும்.

இனி, பழைய டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டி. இதில் சுழல்வது எதுவும் இல்லை. ஃபிளாஷ் சிப்புகள் மட்டுமே. தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய நினைவகம் இது. ஒரே அடியில் அழிபடுவது கேமரா ஃபிளாஷை நினைவூட்டியதால், உடன் வேலை செய்தவர் அந்தப் பெயரைச் சொன்னாராம். வேகத்தின் ரகசியம் இதுதான்: பழைய டிஸ்க்கில் ஒரு சிறு தகவலை எடுக்க முனை நகர்ந்து, தட்டு சுற்றி வர 15 மில்லிநொடி வரை ஆகும். நொடிக்கு நூறு தகவலைக்கூட எட்டுவது கடினம். எஸ்எஸ்டியில் அதே வேலைக்கு 0.1 மில்லிநொடி. கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. நிமிடங்கள் நொடிகளாவது அங்கேதான்.

மாட்டுவது எளிது. பழைய மாடல்களுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வேண்டும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் புதியது 7 ஆகவும் இருந்தால், இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் போதும். சூயிங்கம் பட்டைபோல் இருக்கும் எம்.2 வகையை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. பழைய கணினியில் அதற்கு இடமே இருக்காது. 256 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. ஆனால் நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் விற்கும் ‘16 டிபி’ எஸ்எஸ்டி மோசடிதான்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக இயங்குதளம் போடுவதா? டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்தால் குளோன் பாதியில் நிற்கும். நிற்காவிட்டாலும் சிதைந்த கோப்புகளும் சேர்ந்தே வரும். புதிதாகப் போடுவதே மேல். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய கணினிகளை ஏற்பதில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் போடலாம், அது இலவசம். 2 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் எஸ்எஸ்டி போட்டும் பிரவுசர் திணறும். கூடவே ரேமையும் கூட்டுவது நல்லது.

எஸ்எஸ்டிக்கும் சாவு உண்டு. பல நேரங்களில் சத்தம் போடாமல், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலையில் காணாமல் போகும்; அதிலிருந்து தகவலை மீட்பது பழைய டிஸ்க்கைவிடக் கடினம். ஆகவே இன்னொரு நகல் எப்போதும் வேண்டும்.

கழற்றிய டிஸ்க்கை அன்றே காயலான் கடைக்குப் போடவேண்டாம். நகல் எடுத்த படங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்துவிடுங்கள். போடும் நாள் வந்தால், அதிலிருக்கும் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் அடுத்தவர் கைக்குப் போகாமலிருக்க, உள்ளே உள்ள தட்டுகளை உடைத்துவிட்டுப் போடுங்கள்.