மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய்

அறுவைச் சிகிச்சை என்றால் கத்தியை எண்ணி அஞ்சுவோர் பலர். மூச்சை எண்ணுவோர் சிலரே. முழு மயக்கத்தில் நாவும் தொண்டையும் தளர்ந்துவிடும். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தால், தானே மூச்சுவிடுவதும் நின்றுவிடும். ஆகவே மயக்க மருத்துவர் வாய்வழியே ஒரு குழாயைக் குரல்வளை கடந்து மூச்சுக்குழலுள் செலுத்தி, அதன்வழியே பிராணவாயுவை ஊட்டுகிறார். 1878-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கீவன் என்னும் அறுவை மருத்துவர் விரலால் தடவியே இதனைச் செய்தார். இன்று விளக்குப் பொருத்திய கருவியால் குரல்நாண்களைக் கண்டு செய்கிறார்கள்.

எனினும் கண் ஏமாறக்கூடும். மூச்சுக்குழலின் பின்னால் ஒட்டினாற்போல் இருப்பது உணவுக்குழல். குழாய் அதனுள் புகுந்தால் காற்று வயிற்றை நிரப்பும். நுரையீரலுக்கு ஒன்றும் செல்லாது. சில நிமிடங்களில் மூளை பழுதுறும். மார்பு உயர்வதைப் பார்ப்பதும், காதில் குழாய் வைத்துக் கேட்பதும் வேண்டியனவே. ஆயினும் அவையும் ஏமாற்றுவதுண்டு.

பின்னர் எதனை நம்புவது? மாணவர்க்கு நான் பல்லாண்டு செய்து காட்டிய சோதனையே இங்கும் உதவுகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் வாயால் ஊதினால் அது பால்போல் வெளுக்கும். வெளிக்காற்றில் நூற்றுக்கு 0.04 பங்கே உள்ள கரியமில வாயு, நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 பங்கு உண்டு. அறுவைக் கூடத்தில் சுண்ணாம்பு நீருக்குப் பதிலாக அகச்சிவப்புக் கதிர்க் கருவி அவ்வாயுவை அளக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு மேடு எழவேண்டும். சோடா குடித்த வயிறும் ஓரிரு மேடுகளைக் காட்டிவிடும். ஆதலால் ஏழு மூச்சுக்கேனும் தொடர்ந்து எழுவதே சான்று. எழாவிடில் குழாய் தவறிய இடத்தில் உள்ளது என்றே கொள்ளவேண்டும். 'கண்ணாரக் கண்டுதானே செலுத்தினேன்' என்று வாதாட அங்கே நேரமில்லை.

குழாய் மிக ஆழமாகச் சென்றால், நேராக இறங்கும் வலக் கிளைக்குள் நுழைந்து இட நுரையீரலைப் பட்டினி போடும். அதனைச் சுற்றியுள்ள சிறு காற்றுப்பையின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவில் நிற்கவேண்டும். மிகுந்தால் உட்சவ்வு புண்ணாகும், குறைந்தால் எச்சில் உள்ளே கசியும்.

நோயாளியின் வீட்டார்க்கும் இதில் பங்குண்டு. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுள் இறங்குவதன் கொடுமையை மெண்டல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1946-இல் விளக்கினார். எனவேதான் திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்கிறார்கள். 'பிள்ளை பசி தாங்காதே' என்று பாட்டி ஒளித்துக் கொடுத்த ஓர் இட்லியையும் மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். ஆடும் பல், கழற்றும் பல்வரிசை, முன்பொருமுறை குழாய் செலுத்துவது கடினமாயிருந்தது என்ற செய்தி ஆகியவற்றையும் அவ்வாறே.