வருத்தமும் வருத்தமும்: நாட்பட்ட நோயோடு மகிழ்ந்து வாழ்தல்

இலங்கைத் தமிழில் ‘வருத்தம்’ என்றால் நோய். ‘அவருக்குச் சீனி வருத்தம்’, ‘வருத்தக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். இதையே தமிழ்நாட்டில் ஒருவரிடம் சொன்னால், ‘என்ன வருத்தம்? யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா?’ என்று கேட்பார். அங்கே அச்சொல்லுக்கு மனத்துயர் என்பதே வழக்கில் உள்ள பொருள். ‘நோய்’ என்ற பழஞ்சொல்லின் கதையும் இதுதான். திருக்குறளில் அது உடற்பிணியையும் குறிக்கும், காதலர் பிரிவில் வரும் துயரையும் குறிக்கும்.

உடல் நொந்தால் மனமும் நோகும் என்ற அனுபவம் இந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. ஆனால் உடலுக்கு வந்த வருத்தமும் மனம் படுகிற வருத்தமும் ஒன்றல்ல. முதலாவது நம்மைக் கேட்டு வருவதில்லை. இரண்டாவதில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

லீவு இல்லாத வேலை

காய்ச்சல் வந்தால் படுக்கிறோம், மருந்து குடிக்கிறோம், ஒரு கிழமையில் எழும்பிவிடுகிறோம். நாட்பட்ட நோய் அப்படியல்ல. நீரிழிவு, சிறுநீரக நோய், முடக்குவாதம், ஆஸ்துமா, லூபஸ் போன்றவை பெரும்பாலும் வந்தால் கூடவே இருப்பவை. அவற்றை ஒரு கட்டுக்குள் வைத்திருக்கலாம். வழியனுப்பி வைப்பது கஷ்டம்.

இதை ஒரு சாபமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில், லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்னர் அந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் அதிக காலம் வாழ்ந்ததில்லை. தொம்சன் மேலும் 13 வருடங்கள், 1935 வரை, வாழ்ந்தார். உயிரைக் குடித்துக்கொண்டிருந்த நோய் அன்றிலிருந்து நாட்பட்ட நோயாக மாறியது. அந்த வகையில் ‘நாட்பட்ட’ என்ற அடைமொழியே ஓர் அருள்தான்.

ஆனால் அந்த அருளுக்கு ஒரு விலை உண்டு. குளிசை, ஊசி, சாப்பாட்டுக் கணக்கு, இரத்தப் பரிசோதனை, விடியவே போய் நம்பர் எடுக்கும் கிளினிக் நாள் என்று லீவே இல்லாத ஒரு வேலை அது. இந்தக் களைப்பை வைத்தியர்கள் பலகாலம் ‘நோயாளியின் அலட்சியம்’ என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். 1995இல் வில்லியம் பொலொன்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நீரிழிவோடு வாழ்வதாலேயே உண்டாகும் மனச்சுமையை அளப்பதற்கென்றே அது உருவாக்கப்பட்டது. சீனியின் அளவைப் போல மனச்சுமையையும் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு மெல்ல வேர்விட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவர் காணாதது

“இனி என்ன வாழ்க்கை? ருசியா ஒண்டும் தின்னேலாது” என்று நோயாளியைப் பார்த்து மற்றவர்கள் பெருமூச்சு விடுவது வழக்கம். நோயாளியின் நிலை உண்மையில் அப்படித்தானா?

அல்பிரெஷ்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் உடற்குறைபாடுள்ள 153 பேரைச் சந்தித்துப் பேசி, 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாரிய குறைபாடுகள் உள்ளவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தமது வாழ்க்கைத் தரம் நல்லது அல்லது மிக நல்லது என்றே சொன்னார்கள். பார்ப்பவர்களுக்கு அவர்களுடைய வாழ்வு ‘ஐயோ பாவம்’ ஆகத் தெரிந்தது. வாழ்ந்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஆய்வாளர்கள் இதை ஒரு முரண்புதிர் என்றே அழைத்தார்கள்.

விளக்கத்தையும் அவர்கள் தேடினார்கள். நன்றாக வாழ்வதாகச் சொன்னவர்கள் உடல், மனம், ஆன்மா மூன்றுக்குமிடையில் ஒரு சமநிலையைக் கண்டிருந்தார்கள். சுற்றியிருந்தவர்களோடு அவர்களுக்கு நல்ல உறவு இருந்தது. மாறாக, வலியிலும் களைப்பிலும் வாழ்க்கை தம் கையை விட்டுப் போய்விட்டதாக உணர்ந்தவர்களே வாழ்க்கைத் தரம் மோசம் என்றார்கள்.

பல்கியின் மருந்துப்பெட்டி

நமது சொந்த நூல் மரபில் இதைப்பற்றி ஆயிரம் வருடங்களுக்கு முன்பே எழுதியவர் ஒருவர் இருக்கிறார். இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பிரதேசத்தில் பிறந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கிதான் அவர். ‘மஸாலிஹ் அல்-அப்தான் வல்-அன்ஃபுஸ்’ என்ற அவருடைய நூலின் முதற்பகுதி உடல்நலம் பற்றியது, இரண்டாம் பகுதி உளநலம் பற்றியது. வைத்தியர்கள் உடலை மட்டும் பார்க்கிறார்கள், உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அன்றைக்கே அவருக்கிருந்த மனக்குறை. உளநலப் பகுதியைச் சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 2013இல் நூலாக வந்தது.

பல்கி ஓர் எளிமையான யோசனை சொல்கிறார். புத்தியுள்ளவர் திடீர் நோய்க்கென்று சில மருந்துகளை வீட்டில் முன்கூட்டியே வைத்திருப்பார். அதேபோல மனம் அமைதியாக இருக்கும் நேரத்திலேயே நல்ல எண்ணங்களைச் சேகரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கவலை பொங்கி வரும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம்.

நாட்பட்ட நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடைப்பது அரிது. ‘மகிழ்ச்சியைத் தெரிவு செய்யுங்கள்’ என்று வலியில் துடிப்பவரிடம் சொல்வதில் பயனில்லை, அந்நேரம் தெரிவு செய்யும் பலமே இராது. தெரிவு நடக்க வேண்டியது நல்ல நாளில். யாரோடு பேசினால் மனம் இலேசாகிறது, எந்த ஸூராவை ஓதினால் நெஞ்சு அமைதியடைகிறது, எந்த வேலையில் கை வைத்தால் நேரம் போவது தெரியவில்லை என்பதையெல்லாம் நல்ல நாளிலேயே ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். கெட்ட நாளில் யோசிக்கத் தேவையில்லை, கொப்பியைத் திறந்தால் போதும்.

சபர் என்பது நடிப்பல்ல

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. “சபர் செய்ங்க, அழப்போடா” என்று நோயாளியின் வாயை அடைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அழுதால் ஈமான் குறைந்துவிடும் என்று பயந்து, உள்ளே நொந்துகொண்டு வெளியே சிரிப்பவர்கள் எத்தனை பேர்!

பொறுமைக்கு நாம் உதாரணம் காட்டும் நபி அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றைக் குர்ஆனில் பாருங்கள். அவர்கள் தமக்குத் துன்பம் நேர்ந்ததை வாய்விட்டே தம் இறைவனிடம் முறையிட்டார்கள். அந்த முறையீட்டின் பிறகும் அல்லாஹ் அவர்களைப் பொறுமையாளர் என்றே புகழ்கிறான். நிவாரணம் வந்த விதத்தையும் ஸூரா ஸாத் சொல்கிறது: காலால் தரையை உதைக்கும்படி கட்டளை வருகிறது, குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் கிடைக்கிறது. நோயாளியால் செய்யக்கூடிய ஒரு சிறு செயல் அவரிடமே கேட்கப்பட்டது என்பது சிந்திக்க வேண்டிய விடயம். மகனைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின. அழகிய பொறுமை என்ற சொல்லும் அவர்களின் வாயிலிருந்தே வருகிறது.

ஆகவே, சோகத்தை மறுப்பது மகிழ்ச்சியல்ல. சோகத்துக்கு அதற்குரிய இடத்தைக் கொடுத்துவிட்டு, முழு வீட்டையும் அதற்கு எழுதிக் கொடுக்காமல் இருப்பதுதான் நாம் பேசுகிற தெரிவு.

மூன்று தெரிவுகள்

முதலாவது, சலுகையை மனதாரப் பெற்றுக்கொள்வது. ரமழான் வந்தால் நோன்பு பிடிக்க முடியாத நோயாளிகள் குற்றவாளிகளைப்போல ஒளிந்து சாப்பிடுகிறார்கள். சிலர் டொக்டரின் சொல்லைத் தட்டி நோன்பு பிடித்து, மயங்கி விழுகிறார்கள். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம், இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்ற சலுகையை ஸூரா அல்-பகராவே தருகிறது. சர்வதேச நீரிழிவு சம்மேளனமும் நீரிழிவு-ரமழான் கூட்டமைப்பும் சேர்ந்து 2021இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டி, இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை முறிக்கச் சொல்கிறது. நோன்பு பிடிக்கலாமா கூடாதா என்பதை ரமழானுக்கு முன்பே வைத்தியரோடு பேசித் தீர்மானித்துக்கொள்வது நல்லது. ஒருவர் நோயுற்றால், சுகமாக இருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி அவருக்கு எழுதப்படுகிறது என்ற கருத்தில் புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டு. இதை அறிந்தவர் சஹர் நேரத்தில் மருந்து குடித்துவிட்டுப் பகலில் சாப்பிடும்போது ஏன் தலைகுனிய வேண்டும்?

இரண்டாவது, பலத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பது. லூபஸ் நோயாளியான கிறிஸ்டின் மிசரண்டினோ என்ற அமெரிக்கப் பெண், தன் நிலையைத் தோழிக்கு விளக்க உணவகத்து மேசைகளிலிருந்த கரண்டிகளைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தார். ஒவ்வொரு கரண்டியும் அன்றைய பலத்தின் ஒரு பங்கு. குளித்தால் ஒன்று போய்விடும், சமைத்தால் இன்னொன்று. 2003இல் அவர் எழுதிய இந்த விளக்கம் உலகெங்கும் பரவியது. சுகதேகி கரண்டிகளை எண்ணுவதில்லை, நோயாளி எண்ணித்தான் ஆகவேண்டும். எண்ணுகிறவர் ஒரு கரண்டியையாவது தனக்குப் பிடித்த காரியத்துக்கு ஒதுக்கி வைப்பது அவசியம். வீட்டு வேலை முழுவதையும் முடித்துவிட்டுத்தான் பேரப்பிள்ளையோடு விளையாடுவேன் என்று நிற்கும் உம்மாமார் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது தெரிவு சுற்றியிருப்பவர்களின் கையில் இருக்கிறது. நோயாளியை விசாரிக்கப் போவது சுன்னத். ஆனால் போய் நாம் என்ன பேசுகிறோம்? “ஐயோ, பாதியாப் போயிட்டீங்களே!” “இந்த வருத்தம் வந்துதானே எங்கட மாமாவும் மௌத்தானார்.” பத்து நிமிடத்தில் நோயாளியின் ஒரு மாதத் தைரியத்தைக் கரைத்துவிட்டு வருகிறோம். துஆ செய்யுங்கள், ஊர்ப் புதினம் சொல்லுங்கள், அவர் கிளினிக் போகும் நாளில் கூடப் போக முடியுமா என்று கேளுங்கள். நோயை விட்டால் வேறு பேச்சே இல்லாத ஆளாக அவரை ஆக்கிவிடாதீர்கள்.

தெரிவு செய்யவே முடியாதபோது

எல்லோராலும் எல்லா நேரத்திலும் மகிழ்ச்சியைத் தெரிவு செய்ய முடியாது. பல்கியே துயரத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று காரணம் தெரிந்த துயரம். மற்றது காரணமே தெரியாமல் வந்து எதிலும் இன்பம் காண விடாத துயரம், அது உடல் சார்ந்தது, அதற்கு மருத்துவம் வேண்டும் என்றார். இன்றைய வைத்தியர்கள் மனச்சோர்வு நோய் என்று அழைப்பதற்கு இது நெருங்கி வருகிறது. நித்திரையும் பசியும் போய், கிழமைக்கணக்காக எதிலும் பிடிப்பில்லாமல் ஒருவர் இருந்தால், அதை ஈமானின் குறையென்று பேசுவது அநியாயம். குளிசை எழுதும் அதே டொக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

இப்போது சுகமாக இருக்கும் வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டு வருத்தக்காரரிடம் இன்று ‘மருந்து குடிச்சீங்களா?’ என்பதோடு நிறுத்திவிடாமல், ‘இண்டைக்கு எது சந்தோஷமா இருந்தது?’ என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கும் கேளுங்கள்.