வயலில் கிடைக்கும் பழங்காசுகள்

காரைக்கால் கரையோர வயல்களில் மெட்டல் டிடெக்டர் கொண்டு காசு தேடுவோர், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கோடையில் மண் காய்ந்த பின் இறங்குவது நலம். ஈர உவர்மண் மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி வீணாக ஒலிக்கும். ஆணி, கொழுத்துண்டு முதலிய இரும்பு தாழ்ந்த ஒலியும், செம்பும் வெள்ளியும் உயர்ந்த ஒலியும் தரும். தட்டையான இரும்புத் தகடோ செம்பைப்போல் ஒலித்து ஏமாற்றிவிடும். எனவே குறுக்கும் நெடுக்குமாக நகர்த்திப் பார்த்து, ஒலி மாறாதிருந்தால் மட்டுமே தோண்ட வேண்டும்.

1739-இல் இங்கு வந்த பிரெஞ்சுக்காரர்களின் செப்புத் துட்டில் ஒருபுறம் அல்லிப்பூவும் மறுபுறம் தமிழில் ‘புதுச்சேரி’ என்ற எழுத்தும் இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் எழுத்தே போய்விடும், அது குத்துவிளக்கல்ல!

10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலானால், 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, பொருளின் விவரம், கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு போவதுடன் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.